கைப்பேசி வழி விற்பனையும் போலிக் கொள்வோரும்

சென்ற ஆண்டு தீபாவளிக்குப் பன்னிரண்டு நாட்கள் இருந்தன. நமது சரகத்தைச் சேர்ந்த பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் விற்பனைக் குமாஸ்தா, ஆறு சேலைகளைப் படமெடுத்து, இணையச் சந்தை ஒன்றில் விலை குறித்து வெளியிட்டார். சேலை ஒன்று 8,800 ரூபாய். அன்று மாலையே ஓர் அழைப்பு வந்தது. பேசியவர் தாம் இராணுவ அதிகாரி என்றும், வடக்கே ஒரு முகாமில் பணிபுரிவதாகவும், தங்கையின் திருமணத்திற்கு ஆறு சேலைகளுமே வேண்டும் என்றும் கூறினார். விலையில் ஒரு ரூபாயும் குறைத்துக் கேட்கவில்லை. கேட்காமலேயே தமது அடையாள அட்டையின் படத்தையும், சீருடையிலிருக்கும் புகைப்படத்தையும் அனுப்பி வைத்தார்.

பணம் அனுப்பும் முறையை அவரே விளக்கினார். இராணுவக் கணக்கிலிருந்து நேரே அனுப்ப இயலாதாம். விற்பவர் முதலில் சிறு தொகை அனுப்பினால், கணக்கு சரிதான் என்று உறுதிப்பட்டு, இருமடங்காகத் திரும்பி வருமாம். க்யூ.ஆர். படம் ஒன்று வந்தது. குமாஸ்தா அதனைக் கைப்பேசியில் காட்டி 5 ரூபாய் செலுத்தினார். அடுத்த நிமிடமே 10 ரூபாய் வரவாயிற்று. பிறகு 26,400 ரூபாய்க்கு ஒரு படம் வந்தது. "பாதித் தொகை இது. இதையும் அவ்வாறே செய்து, இரகசிய எண்ணை இடுங்கள், உங்கள் கணக்கில் ஏறும்" என்றார் அந்த மனிதர். எண் இடப்பட்டது. தொகை ஏறவில்லை; இறங்கியது. "இயந்திரக் கோளாறு. மறுமுறை செய்யுங்கள், இரண்டும் சேர்ந்து திரும்பிவிடும்" என்று அவர் பதற்றமின்றிச் சொன்னார். மறுமுறையும் 26,400 ரூபாய் இறங்கியது. மூன்றாம் படம் வந்தபோது, கூலிப் பட்டுவாடாவுக்காகத் திண்ணையில் அமர்ந்திருந்த முதிய நெசவாளர் ஒருவர் உள்ளே வந்து, "ஏன் தம்பி, வெளியிலிருந்து பணம் வருவதற்கு நம்ம பெட்டிப் பூட்டை எதற்குத் திறக்கிறாய்?" என்று கேட்டார். அதன் பிறகே அழைப்பு துண்டிக்கப்பட்டது.

சேலைகள் ஆறும் அலமாரியிலேயே இருந்தன. அவற்றின் கிரயத்துக்குச் சரியான தொகை, 52,800 ரூபாய், சங்கத்திலிருந்து வெளியே போயிருந்தது.

இதனை நாம் விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. அக் குமாஸ்தா மூடரல்லர். வணிகவியல் பட்டம் பெற்றவர். ஒன்பது ஆண்டுகளில் அவருடைய ரொக்கப் புத்தகத்தில் ஒரு ரூபாய் வித்தியாசம் நாம் கண்டதில்லை. பண்டிகைக்கு நெய்த சரக்கு அலமாரி நிறையத் தேங்கியிருந்தது. பட்டு நூல் வாங்கிய பாக்கியும் நெசவாளர் கூலியும் கழுத்தை நெரித்தன. அத்தகைய வேளையில், ஆறு சேலைகளையும் பேரமின்றி ஒருவர் கேட்டால் யாருக்குத்தான் மனம் இளகாது? மற்றொரு காரணம் நம்மைப் பற்றியது. அதற்கு முந்தைய ஆண்டு நடந்த பயிற்சி முகாமில், கைப்பேசி வழியே விற்குமாறு எல்லாச் சங்கங்களையும் வற்புறுத்தியவர் நாமே. சேலையை எந்த வெளிச்சத்தில் படமெடுப்பது, முந்தானையை எப்படி மடிப்பது, பார்சலை எப்படிக் கட்டுவது என்றெல்லாம் ஒரு பகல் முழுதும் சொல்லிக் கொடுத்தோம். வாங்க வருபவன் யார் என்று பார்க்கும் வழியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்தக் குறையை இக்கட்டுரையில் ஓரளவேனும் ஈடுசெய்ய விரும்புகிறோம்.

முதலில் இரகசிய எண்ணைப் பற்றிய செய்தி. யூ.பி.ஐ. முறை 2016-இல் நமது நாட்டில் ஏற்பட்டது. அதில் இரகசிய எண் என்பது, நமது கணக்கிலிருந்து பணம் வெளியே செல்வதற்கு நாம் இடும் கையொப்பம். இருப்புத் தொகையைப் பார்ப்பதற்கும் அது கேட்கப்படும். பணம் பெறுவதற்கு அது எக்காலத்தும் வேண்டுவதில்லை. க்யூ.ஆர். படமும் அவ்வாறே: அதனைக் கைப்பேசியில் காட்டுபவர் பணம் கொடுப்பவர், படத்திற்கு உரியவர் பணம் பெறுபவர். எனவே, விற்பவருக்கு வாங்குபவர் படம் அனுப்பும் நிலையே தலைகீழானது. நமது படத்தை அவர் காட்ட வேண்டுமேயன்றி, அவருடைய படத்தை நாம் காட்டுவதற்கு இடமேயில்லை. தனி நபர் ஒருவர் மற்றொருவருக்குப் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதியும் முன்னர் இருந்தது. ‘சரி’ என்று அழுத்தி எண்ணை இட்டவர்கள் பலர் பணம் இழந்தனர். அவ்வசதி 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டது. அந்த வாயில் அடைபட்டதேயன்றி, படம் அனுப்பும் வாயில் அடைபடவில்லை.

முதலில் 5 ரூபாய் வாங்கி 10 ரூபாய் கொடுத்தது தூண்டிலில் வைத்த புழு. இராணுவத்தாருக்கென்று அவ்விதமான தனிக் கணக்கு முறை எதுவும் கிடையாது. இராணுவத்தின் பேரைச் சொன்னால் நம் மக்கள் மேற்கொண்டு கேள்வி கேட்கமாட்டார்கள் என்பதை அறிந்தே இவ்வேடம் போடப்படுகிறது. காட்டப்படும் அட்டைகளிற் பல, எங்கோ ஓர் உண்மையான வீரரிடமிருந்து களவாடப்பட்ட படங்கள். ஆதலின் அட்டையைப் பார்த்து நம்புவதும், அட்டையைப் பார்த்து அந்த வீரரைப் பழிப்பதும் இரண்டுமே பிழை. பொதுவாக, நாம் கேட்பதற்கு முன்பே அடையாள அட்டையை நீட்டும் கொள்வோனைச் சற்றுத் தள்ளி நின்று பார்ப்பது நல்லது. காஞ்சிபுரத்துக் கடைவீதியில் சேலை வாங்கும் அம்மையார் யாரேனும் தமது அடையாள அட்டையை முதலில் காட்டியதுண்டா?

இனி, நமக்கு மிகுந்த பயன் தரக்கூடியதென்று நாம் கருதும் அடையாளத்திற்கு வருவோம். உண்மையாக வாங்க வருபவர் சரக்கைப் பற்றிக் கேட்பார். பட்டுச் சேலை வாங்குபவர் கோர்வையா, சாதாரணக் கரையா என்பார். ஜரிகை அசலா, டெஸ்டட் ஜரிகையா என்பார். எடை எவ்வளவு, ரவிக்கைத் துணி சேர்ந்ததா, பகல் வெளிச்சத்தில் இந்த அரக்கு நிறம் எப்படியிருக்கும், சில்க் மார்க் சீட்டு உண்டா என்று அலுக்கும்வரை கேட்பார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இருநூறு குறைத்துக் கொள்ளுங்கள்" என்றும் சொல்வார். மஞ்சள் வாங்குபவர் விரலியா, கிழங்கா, ஈரப்பதம் எவ்வளவு, மெருகு போட்டதா என்று கேட்டு, மாதிரி அனுப்பச் சொல்வார். தறியிலும் வயலிலும் நாம் பட்ட பாடு அவருக்குத் தெரியும். அல்லது தம் பணத்தின் அருமை தெரியும். பொய்யாக வருபவனுக்குச் சரக்கு வேண்டியதில்லை. எனவே சரக்கைப் பற்றி ஒன்றும் கேட்கமாட்டான். அவனுடைய கேள்விகள் எல்லாம் பணத்தைப் பற்றியவை: எந்த வங்கி, எந்தச் செயலி, கைப்பேசி யாரிடம் இருக்கிறது, கணக்கில் இருப்பு உண்டா. நமது குமாஸ்தாவுடன் அன்று நடந்த உரையாடல் முழுவதையும் விசாரணையின்போது திரும்பத் திரும்பப் படித்தோம். இருபத்திரண்டு செய்திகளில் ஒன்றிலேனும் ‘பட்டு’ என்ற சொல் இல்லை. நிறத்தையும் அவன் கேட்கவில்லை. திருமண வீட்டார் ஆறு சேலைகளை நிறம் கேளாமல் வாங்குவதாவது!

இவ்வடையாளத்தை நமது அங்கத்தினர்கள் சோதனையாகவும் பயன்படுத்தலாம். ஐயம் தோன்றினால், "எந்தக் கரைச் சேலை உங்களுக்கு வேண்டும்?" என்று நாமே கேட்கலாம். "எதுவாயினும் அனுப்புங்கள், பணத்தை முதலில் முடித்துவிடுவோம்" என்று விடை வருமாயின், அங்கேயே நிறுத்திவிடலாம். வியாபாரம் ஒன்று போய்விடுமே என்று அஞ்சுவோர்க்கு ஒன்று சொல்வோம்: மெய்யான வாடிக்கைக்காரர் எவரும் சேலையைப் பற்றிக் கேட்டதற்காகக் கோபித்துக்கொண்டதை நாம் கண்டதில்லை. சில மணி நேரம் காத்திருக்கச் சொன்னாலும் அவர் காத்திருப்பார். பொய்யனுக்குத்தான் அவசரம். லாரி வாசலில் நிற்கிறது என்பான். இன்றிரவு எல்லைக்குப் புறப்படுகிறேன் என்பான். அழைப்பைத் துண்டிக்காமலேயே எல்லாவற்றையும் செய்யுங்கள் என்பான். அழைப்பு துண்டிக்கப்பட்டால், விற்பவர் அருகிலிருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவார் அல்லவா?

நிற்க. படம் அனுப்பாமலேயே நடக்கும் ஏமாற்றுகளும் உள. வங்கியிலிருந்து வந்தது போன்ற குறுஞ்செய்தி ஒன்று நமது கைப்பேசிக்கு வரும்: கணக்கில் 30,000 ரூபாய் வரவு. உடனே அழைப்பு: "3,000 அனுப்ப வேண்டியவன் ஒரு சைபர் கூட அழுத்திவிட்டேன், 27,000 ரூபாயைத் திருப்பி அனுப்புங்கள், மருத்துவமனையில் இருக்கிறேன்." நல்ல மனம் படைத்தவர் உடனே அனுப்பிவிடுவார். வந்ததாகச் சொன்ன பணமோ வரவேயில்லை. வங்கியின் செய்தி, எழுத்துக்களாலான தலைப்பிலிருந்து வரும். பத்து இலக்கக் கைப்பேசி எண்ணிலிருந்து வராது. ஆயினும் தலைப்பை ஆராய்ந்து கொண்டிருப்பதைக் காட்டிலும், கணக்கின் இருப்பையே திறந்து பார்ப்பது மேல். பணம் சென்றதாக வாங்குபவர் அனுப்பும் திரைப்படத்தையும் இவ்வாறே கருத வேண்டும். ‘செலுத்தப்பட்டது’ என்று பச்சை வண்ணத்தில் காட்டுவதற்கென்றே போலிச் செயலிகள் இருக்கின்றன. கடை வாசலிலேயே நின்று அந்தத் திரையைக் காட்டிவிட்டுச் சரக்குடன் செல்பவர்களும் உண்டு. நம் கணக்கில் ஏறாத பணம் வந்த பணமாகாது. பார்சல் அனுப்பும் முன் இருப்பைப் பார்த்துக் கையெழுத்திடும் வழக்கத்தைச் சில சங்கங்கள் மேற்கொண்டிருப்பது நன்று.

இதற்கு நேர்மாறான ஒரு தொல்லையை நமது அங்கத்தினர்கள் பெரும்பாலும் அறியார். பணம் உண்மையிலேயே வந்து சேரும். தொல்லை பிறகு வரும். வேளாண் சங்கங்களைப் பார்க்கும் நமது நண்பர் ஒருவர் கூறியது இது. நாட்டுச் சர்க்கரை காய்ச்சும் விவசாயி ஒருவர், கைப்பேசி மூலம் வந்த கோரிக்கைக்கு 18,000 ரூபாய்ச் சரக்கு அனுப்பினார். முழுத் தொகையும் முன்னதாகவே கணக்கில் ஏறியது. அனுப்பியவர் பெயர் வேறாக இருந்தது. "என் மைத்துனர் கணக்கு" என்றார் வாங்கியவர். ஐந்து வாரங்கள் கழித்து, வேறு மாநிலத்துக் காவல்துறையின் கடிதத்தின்பேரில் விவசாயியின் கணக்கு முடக்கப்பட்டது. நடந்தது யாதெனில், அந்த மைத்துனர் மைத்துனரல்லர், அவரும் ஏமாற்றப்பட்டவரே. ஒருவரிடம் பறித்த பணத்தைக் கொண்டு மற்றொருவரிடம் சரக்கு வாங்கி, அதனை விற்றுக் காசாக்கிக் கொள்வது இக்கூட்டத்தாரின் வழி. பணம் இழந்தவர் புகார் செய்ததும், அது சென்ற கணக்குகள் ஒவ்வொன்றாகத் தொடரப்பட்டு நிறுத்தப்படுகின்றன. குற்றமற்ற விவசாயியும் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியாகிவிட்டார். அவருடைய கணக்கு திறக்க நான்கு மாதங்கள் ஆயின. நெல் விற்ற பணமும் அதே கணக்கில்தான் இருந்தது. நடவுக் கூலிக்குக் கைமாற்று வாங்க வேண்டியதாயிற்று.

தனி ஒருவர் கணக்கு முடங்கினால் ஒரு குடும்பம் திண்டாடும். சங்கத்தின் கணக்கு முடங்கினால், வாரக் கூலியை நம்பியிருக்கும் தறிகள் யாவும் நிற்கும். ஆதலின், வாங்குபவர் பெயரும் பணம் அனுப்பியவர் பெயரும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்ப்பது இக்காலத்தில் இன்றியமையாதது. வேறாக இருந்தால் சரக்கை அனுப்பாமல், காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். மனம் ஒப்பவில்லையெனில் வங்கிக்கு எழுதி, வந்த வழியே திருப்பச் சொல்ல வேண்டும். நாமாக வேறோர் எண்ணுக்கு அனுப்பலாகாது. பட்டியல், லாரி ரசீது, உரையாடல் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துவது இங்குதான் பயன்படும். மேற்சொன்ன விவசாயியிடம் சரக்கு அனுப்பிய ரசீது இருந்தது. அதனைக் காட்டியே அவர் தம்மை விடுவித்துக்கொண்டார்.

மொத்தமாகக் கொள்முதல் செய்வதாக வருபவரிடம் ஜி.எஸ்.டி. எண்ணைக் கேட்க வேண்டும். அந்தப் பதினைந்து எழுத்துக்களும் பெரும்பாலோர்க்கு வெறும் புள்ளிகளாகத் தோன்றலாம். படிக்கத் தெரிந்தால் அவை பேசும். முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிப்பவை: தமிழ்நாட்டுக்கு 33, கேரளத்திற்கு 32, கர்நாடகத்திற்கு 29, மகாராஷ்டிரத்திற்கு 27, குஜராத்திற்கு 24. அடுத்த பத்தும் வருமான வரித் துறையின் பான் எண். அந்தப் பான் எண்ணின் நான்காவது எழுத்து, அதாவது ஜி.எஸ்.டி. எண்ணில் ஆறாவது எழுத்து, எண்ணுக்கு உரியவர் எத்தகையவர் என்பதைக் காட்டும். ‘பி’ என்றால் தனி நபர். ‘சி’ என்றால் கம்பெனி. ‘எஃப்’ என்றால் கூட்டு வாணிபம். ‘டி’ என்றால் அறக்கட்டளை. மஞ்சள் விற்கும் சங்கம் ஒன்றிற்குச் சூரத் நகரத்துப் பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்று சொல்லி ஒரு கடிதம் வந்தது. அழகிய தலைப்புத் தாள், முத்திரை, ஆங்கிலக் கையெழுத்து எல்லாம் இருந்தன. எண்ணோ 27 என்று தொடங்கியது. ஆறாவது எழுத்து ‘பி’. சூரத் குஜராத்தில் உள்ளது. கம்பெனிக்குத் தனி நபரின் பான் எண் இராது. சங்கத்தின் காரியதரிசி இவ்விரண்டையும் குறித்து விளக்கம் கேட்டு எழுதினார். பதில் வரவில்லை.

அரசின் ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அந்த எண்ணை இட்டால், எவரும் கட்டணமின்றி, பதிவு பெற்ற சட்டப் பெயர், பதிவான நாள், பதிவு நடப்பில் உள்ளதா, இரத்தாகிவிட்டதா ஆகிய விவரங்களைக் காணலாம். எனினும் இதுவே போதுமென்று இருந்துவிடக் கூடாது. மெய்யான நிறுவனத்தின் எண்ணைப் பொய்யன் எடுத்து எழுதுவதும் உண்டு. எனவே, கடிதத்தில் உள்ள கைப்பேசி எண்ணை விடுத்து, அந்நிறுவனத்தின் தொலைபேசியை வேறு வழியாகத் தேடிப் பேசி, "உங்களிடமிருந்து இவ்வாறு ஒரு கோரிக்கை வந்துள்ளதா?" என்று கேட்டு அறிய வேண்டும். ஒரு தொலைபேசி அழைப்பின் செலவைக் காட்டிலும் பத்துக் குவிண்டால் மஞ்சளின் விலை மிகுதி.

மஞ்சள் பேச்சு வந்ததால், இணையம் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே இருந்து, இன்று இணையத்தில் குடியேறியிருக்கும் பழைய வித்தையையும் கூறிவிடுவோம். ஈரோட்டில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திலும் கூட்டுறவு விற்பனைச் சங்கங்களிலும் ஏலத்தில் எடுப்பவரை எல்லோரும் அறிவர். கைப்பேசியில் வருபவரை யாரும் அறியார். அவர் முதலில் இரண்டு குவிண்டால் வாங்கி உடனே பணம் கொடுப்பார். அடுத்த மாதம் ஐந்து குவிண்டால். அதற்கும் பணம் தவறாது. மூன்றாம் முறை, "முப்பது குவிண்டால் வேண்டும், பாதி ரொக்கம், பாதிக்குத் தேதியிட்ட காசோலை" என்பார். லாரியும் அவருடையதே. சரக்கு போகும், காசோலை திரும்பி வரும், தொலைபேசி அணைந்திருக்கும். முதல் இரண்டு தடவை கொடுத்த பணம், மூன்றாவதற்கு அவர் இட்ட முதல். காசோலை திரும்பினால் 1881-ஆம் ஆண்டு மாற்று முறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு உண்டு: வங்கியின் திருப்புச் சீட்டு கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்பி, அது சேர்ந்து 15 நாட்களில் பணம் வராவிடில், அதன்பின் ஒரு மாதத்திற்குள் நீதிமன்றத்தில் முறையீடு செய்யலாம். ஆனால் அறிவிப்பை எந்த முகவரிக்கு அனுப்புவது? முகவரியைச் சரக்கு ஏற்றும் முன்பே பார்த்திருக்க வேண்டும்.

வெளிநாட்டுக் கோரிக்கைகளைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. நமது சங்கங்களுக்கு அவை இன்னும் குறைவே. ஐந்நூறு சேலைகள் வேண்டும், கேட்ட விலை தருகிறோம், அதற்கு முன் எங்கள் நாட்டில் விற்பவராகப் பதிவு செய்துகொள்ளக் கட்டணம் அனுப்புங்கள் என்று ஒரு கடிதம் வருமாயின், அது கட்டணத்திற்காக எழுதப்பட்ட கடிதமேயாகும். கொடுக்க வேண்டியதைவிட மிகுதியான தொகைக்கு வங்கிக் காசோலை அனுப்பி, மிகுதியைக் கப்பல் முகவருக்குக் கட்டச் சொல்வதும் இவ்வகையே. காசோலை பின்னால் திரும்பும். முகவருக்குக் கட்டிய பணம் திரும்பாது. 1957-இல் நிறுவப்பட்ட ஏற்றுமதிக் கடன் உத்தரவாதக் கழகத்தின் வழியே வெளிநாட்டுக் கொள்வோரைப் பற்றி விசாரித்து அறியும் ஏற்பாடு உண்டு என்பதை மட்டும் குறித்துக்கொள்க.

சேலை விற்போர்க்கு இன்னொன்று. ‘பிடிக்கவில்லை’ என்று திருப்பப்பட்ட பார்சலில் நாம் அனுப்பிய பட்டு இராமல், உடுத்துக் கசங்கிய செயற்கைப் பட்டு இருப்பதுண்டு. பார்சல் கட்டும்போது சேலையின் எடையையும் சீட்டின் எண்ணையும் குறித்து, கட்டுவதைக் கைப்பேசியிலேயே காட்சியாகப் பதிவு செய்ய வேண்டும். திரும்பி வந்த பார்சலையும் பதிவு செய்துகொண்டே பிரிக்க வேண்டும். நெய்தவரின் கண்ணுக்குத் தன் சேலை தெரியும் என்பது உண்மைதான். ஆனால் நெய்தவரின் கண்ணைச் சாட்சியமாகத் தாக்கல் செய்ய முடியாதே!

பணம் போய்விட்டால் செய்ய வேண்டியதை இனிக் கூறுவோம். 1930 என்னும் எண்ணை உடனே அழைக்க வேண்டும். அது மத்திய அரசு ஏற்படுத்திய இணையக் குற்ற உதவி எண். தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய்யலாம். சந்தேகத்திற்குரிய கைப்பேசி எண்ணையோ கணக்கையோ முன்கூட்டியே தேடிப் பார்க்கும் வசதியும் அத்தளத்தில் உண்டு. பரிமாற்றத்தின் பன்னிரண்டு இலக்கக் குறிப்பு எண், நேரம், தொகை, எதிரியின் எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். நமது வங்கிக்கும் அதே நாளில் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பணம் ஒரு கணக்கில் தங்கியிருக்கும் வரைதான் அதனை நிறுத்த முடியும். அது கணக்கிலிருந்து கணக்கிற்கு ஓடி, ரொக்கமாக எடுக்கப்பட்டபின் நிறுத்துவதற்கு ஒன்றும் இராது. வேடம் போட்டுக் கணினி வழியே ஏமாற்றுவோர்க்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவின்கீழ் மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆயினும் ஆளைப் பிடிப்பது ஒன்று, பணத்தைப் பிடிப்பது வேறொன்று. பணத்தைப் பிடிக்க நாழிகைக் கணக்கு, நாள் கணக்கன்று.

நமது சங்கத்தில் இதுதான் தவறிப்போயிற்று. குமாஸ்தா அன்றே காரியதரிசியிடம் சொன்னார். காரியதரிசி தலைவரிடம் சொல்ல மறுநாள் ஆயிற்று. "வெளியே தெரிந்தால் அங்கத்தினர்கள் வைப்புத் தொகையைத் திரும்பக் கேட்பார்கள்" என்று எண்ணி, தீபாவளி முடியட்டும் என்று பஞ்சாயத்தார் பேசிக்கொண்டனர். மூன்றாம் நாள் முதிய நெசவாளரின் மகன்தான் 1930-ஐ அழைத்தார். அதற்குள் பணம் நான்கு கணக்குகளைக் கடந்துவிட்டது. 4,100 ரூபாய் மட்டும் ஓர் இடைக் கணக்கில் நிறுத்தப்பட்டது. ஏமாந்ததை மறைப்பதில் காட்டிய ஒற்றுமையைப் புகார் செய்வதில் காட்டியிருந்தால், இன்னும் சிறிது தேறியிருக்கும் என்றே நாம் கருதுகிறோம்.

மீதி 48,700 ரூபாய் யாருடைய நஷ்டம்? இதுவே நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட விசாரணை. 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 87-ஆம் பிரிவு, நம்பிக்கைத் துரோகத்தாலோ வேண்டுமென்றே காட்டிய கவனக் குறைவாலோ சங்கத்தின் சொத்தில் குறைவு ஏற்படுத்தியவரிடமிருந்து அதனை வசூலிக்க இடம் தருகிறது. பஞ்சாயத்தாரில் இருவர், குமாஸ்தாவின் சம்பளத்தில் பிடிக்க வேண்டும் என்றனர். நாம் பதிவேடுகளைப் பார்த்தோம். சங்கத்தின் நடப்புக் கணக்கை ஒரே மனிதரின் கைப்பேசியுடன் இணைக்கத் தீர்மானம் நிறைவேற்றியவர்கள் அதே பஞ்சாயத்தார். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் அனுப்பலாம் என்ற வரம்பை அவர்கள் விதிக்கவில்லை. விற்பனைக்கென்று குறைந்த இருப்புள்ள தனிக் கணக்கு வைக்க வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை. எமாற்றத்திற்கு உட்பட்டது கவனக் குறைவாகலாம். அது வேண்டுமென்றே காட்டிய கவனக் குறைவு ஆகாதென்று நமது அறிக்கையில் எழுதினோம். பயிற்சி முகாமில் நாம் விட்ட குறையையும் அதே அறிக்கையில் குறிப்பிட்டோம். மேலதிகாரியின் உத்தரவு இதனை எழுதும் வரையில் வரவில்லை.

இதற்கிடையே சங்கத்தில் சில மாறுதல்கள் ஏற்பட்டுள்ளன. விற்பனைக்குத் தனிக் கணக்கு ஒன்று திறக்கப்பட்டு, அதில் சேரும் தொகை மாலைதோறும் முதன்மைக் கணக்கிற்கு மாற்றப்படுகிறது. முதன்மைக் கணக்கில் இருவர் கையெழுத்தில்லாமல் ஒரு ரூபாயும் வெளியே செல்வதில்லை. சங்கத்தின் க்யூ.ஆர். படம் அச்சிடப்பட்டு மேசைமேல் ஒட்டப்பட்டிருக்கிறது. அதன் கீழே, ‘இது ஒன்றே நமது படம்’ என்று குமாஸ்தாவின் கையால் எழுதியிருக்கிறது.

சென்ற மாதத் தணிக்கையின்போது, அனாமத்துக் கணக்கில் மாதந்தோறும் 1,000 ரூபாய் வரவாகியிருப்பதைக் கண்டோம். ஐந்து மாதங்களாக வருகிறது. யார் கட்டியது என்ற பெயர் இல்லை. ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளைப் பார்த்தோம். கையெழுத்து நமக்குத் தெரிந்ததே. உத்தரவு வரும் வரையில் இத்தொகையைக் கட்ட வேண்டியதில்லை என்று குமாஸ்தாவிடம் சொன்னோம். அவர் தலையசைத்துவிட்டு, மேசைமேல் இருந்த அன்றைய பார்சலின் எடையைக் குறித்துக்கொண்டிருந்தார்.